ரெட்டைப்பாலம் தாண்டாத கத்தரிக்காய்

சேமலைப்புதூர்க் கத்தரிக்காய் முதன்முதலாகத் திரும்பி வந்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இல்லை. அன்று விடியற்காலையில் துளசிமணி தன் காட்டில் பறித்த பதினோரு மூட்டைக் கத்தரிக்காயையும், மற்றவர்களின் தக்காளி, வெண்டை, அவரை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளியங்கிரியின் வேன் கிளம்பிப் போய் டவுன் மார்க்கெட்டில் நின்றபோது, உள்ளே சாக்குகள் மட்டும்தான் இருந்தன. சாக்குகளின் வாய் தைத்தது தைத்தபடி இருந்தது, தார்ப்பாயின் கயிறு கட்டியது கட்டியபடி இருந்தது, ஒரு வெண்டைக்காய்க் காம்புகூட வண்டிக்குள் உதிர்ந்து கிடக்கவில்லை. வெள்ளியங்கிரி தலையில் கைவைத்துக்கொண்டு ஊருக்குப் போன் செய்தபோது துளசிமணி வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தவள், காலையில் தன் கையால் பறித்த காய்கள் அத்தனையும் பறித்த காம்பிலேயே மறுபடி தொங்குவதைக் கண்டு, "இங்கதான் இருக்குதுங்கண்ணா, நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள், ஏனென்றால் மின்சாரம் போவதற்குள் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டியிருந்தது.

முதல் இரண்டு நாள் ஊர் வெள்ளியங்கிரியைச் சந்தேகப்பட்டது. மூன்றாம் நாள் காட்டுக்காரர்கள் நான்கு பேர் மூட்டைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு போனார்கள். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ரெட்டைப்பாலத்தில், இரண்டாவது பாலத்துக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் வண்டி போகும்போது அவர்களுக்குக் கீழே மூட்டைகள் பொசுக்கென்று சப்பையாகிவிட, நான்கு பேரும் வண்டியின் இரும்புத் தளத்தில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார்கள். அதில் துளசிமணியின் பக்கத்து வீட்டுச் சம்பூரணத்தின் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் நடக்க முடியாமல் போனதுதான் ஊருக்குக் கிடைத்த முதல் சாட்சியம். அதற்குப் பிறகு வெள்ளியங்கிரியை யாரும் குறை சொல்லவில்லை.

வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்தார், மண் எடுத்தார், தண்ணீர் எடுத்தார், அரக்கு முத்திரை வைத்த டப்பாவில் ஐந்து தக்காளியும் எடுத்தார். மண்ணும் தண்ணீரும் அவருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, டப்பாவும் போய்ச் சேர்ந்தது, முத்திரையும் உடையவில்லை, தக்காளி மட்டும் செடிக்குத் திரும்பிவிட்டது. அவர் நேர்மையான மனிதர் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினார். பயிர் இழப்பு, மழைச் சேதம், பூச்சித் தாக்குதல் என்ற மூன்று பத்திகளில் எதிலும் இதைச் சேர்க்க முடியவில்லை என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

ஊர் தானாகவே சில விஷயங்களைக் கற்றுக்கொண்டது. பறித்தவை திரும்பின, வேரோடு பிடுங்கியவை தாண்டின. வெங்காயம் தாண்டியது, நிலக்கடலை தாண்டியது, கட்டுக் கட்டாகப் பிடுங்கிய கீரை தாண்டியது. தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை எதுவும் பஞ்சர் கடையைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய ரெட்டைப்பாலத்தைத் தாண்டியதும் ஒரே சமயத்தில் பசிக்கிறது என்று கத்தினார்கள். செரித்தது கூடப் போகும், செரிக்காதது போகாது என்று அன்றைக்குத் தெரிந்தது, அடுத்த வாரமே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் பரோட்டாக் கடை போட்டார், இன்றுவரை நன்றாக நடக்கிறது.

ஊருக்கு உறைத்த இன்னொரு விஷயம் கொஞ்சம் வெட்கக்கேடானது. டன் கணக்கில் காய் விளைவித்துக் கேரளா வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த ஊரில், ஒரு புடலங்காய் வேண்டுமென்றால் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள், ஒரு கொத்துக் கறிவேப்பிலையை பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தார்கள், ஏனென்றால் ஊர் முழுக்கத் தக்காளி என்றால் தக்காளி, கத்தரி என்றால் கத்தரி. மூன்று வாரம் தக்காளி ரசம், தக்காளித் தொக்கு, தக்காளிச் சோறு என்று தின்று சலித்த பிறகு மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டு, நூற்று முப்பது வீட்டுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு வீட்டுக்கு ஒரு காய் என்று முடிவு செய்தார்கள். பீர்க்கன் வந்தவர்கள் பீர்க்கன் போட்டார்கள், பாகல் வந்தவர்கள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு பாகல் போட்டார்கள். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் கோயில் முன்னால் கூடை வைத்து மாற்றிக்கொண்டார்கள், தராசு வைக்கக் கூடாது, கை நிறைய அள்ளிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. துளசிமணிக்குக் கத்தரி வந்தது. ஒரு ஏக்கர் கத்தரி போட்டவள் மூன்று சென்ட்டில் இருநூற்று ஐம்பது செடி வைத்தாள், ஊருக்கு அது போதும், மிச்சத்தில் ராகியும் கடலையும் விதைத்தாள். ஊரில் வேறு யாரும் கத்தரி வைக்கவில்லை.

துளசிமணிக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை என்று ஒரு தகரப்பெட்டியோடு தாய்வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டவள். அவள் வந்து சேர்ந்த இரண்டு வருடத்தில் அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்விட, பன்னிரண்டு வயதுத் தங்கை கோகிலவாணியைப் படிக்கவைத்து, ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பி, அங்கேயே வேலை பார்த்த தனசேகருக்குக் கட்டிவைத்தாள். ஆகவே மாசி மாதம் வளைகாப்பு முடிந்து கோகிலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது, அவள் வந்தது அக்கா வீட்டுக்குத்தான்.

அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சம்பூரணத்தின் கன்றுக்குட்டி, எல்லாம் தொடங்கிய பிறகு பிறந்தது, மாட்டுச் சந்தையில் விற்றதும் புதுக் கயிறோடு திரும்பி வந்து அவளுடைய சோளக்காட்டு நடுவில் நின்றது. பழைய மாடுகள் எத்தனையோ பாலத்தைத் தாண்டிப் போயிருந்தன, அவை ஒன்றும் திரும்பவில்லை. கயிற்றைத் திருப்பிக் கொடுத்து, வாங்கியவரைச் சமாதானப்படுத்தி, ஒரு மாதம் கழித்து அதே கன்றை மறுபடி ஓட்டிப் போனபோது அது பேசாமல் போய்விட்டது. ஏன் முதலில் வந்தது, ஏன் பிறகு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த மண்ணிலேயே உருவான உயிரும் திரும்பும் என்ற பேச்சு மட்டும் ஊரில் நின்றுவிட்டது. அந்த வருடம் ஊரில் பிறந்த மற்ற இரண்டு குழந்தைகளுக்கும் அப்பன் வீடு ஊருக்குள்ளேயே இருந்ததால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

கோகிலா வந்த வாரம், வியாழக்கிழமைக் கூடை மாற்றும் இடத்தில், வெள்ளியங்கிரி அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏனம்முணி, உள்ள இருக்கறது ஓசூர்ச் சரக்கா, நம்மூருச் சரக்கா? பாலத்துல டிக்கெட் கிழிக்கறது நாந்தான், கேட்டு வெச்சுக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கோகிலாவும் சிரித்தாள். துளசிமணி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்று பகலிலேயே டவுன் பஸ் ஏறி, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊட்டிக் கேரட், முட்டைக்கோசு, பாக்கெட் பால், கடை அரிசி என்று இரண்டு பை நிறைய வாங்கிவந்தாள். அன்றிலிருந்து தங்கையின் இலையில் ஊரில் விளைந்த எதையும் அவள் வைக்கவில்லை. தண்ணீரைப் பற்றியும் யோசித்தாள். மழை எங்கிருந்தோ வருவதுதானே என்று அதை விட்டுவிட்டாள்.

"கத்திரிக்காக்காரி ஊட்ல முட்டைக்கோசாக்கா? ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தின்னு."

"நாக்கு செத்துப்போச்சு. காட்டுல கத்திரி காச்சுத் தொங்குது, ஒரே ஒரு நாளைக்கு ஒரு பொரியல் பண்ணிக் குடு. ஒரு கரண்டி."

"புள்ளையத் தூக்கிட்டு ஓசூருக்குப் போகோணுமா, வேண்டாமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு கோகிலா முட்டைக்கோசைத் தின்றாள். தான் எதற்காக இவ்வளவு கறாராக இருக்கிறோம் என்பது துளசிமணிக்குத் தெரியும். ஒரு கரண்டி கத்தரிக்காய்ப் பொரியலைத் தங்கையின் இலையில் வைத்தால் போதும், பிறக்கும் குழந்தை இந்த ஊரைவிட்டுப் போகாது, தன் கண் முன்னால் இந்த வாசலிலேயே தவழும், நடக்கும், பள்ளிக்கூடம் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோகிலா கேட்கக் கேட்க அவள் முட்டைக்கோசை இன்னும் ஒரு கரண்டி அதிகமாக வைத்தாள். காட்டில் மிஞ்சிய கத்தரிக்காயை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராமல் வேலிக்கு மேலாகச் சம்பூரணத்தின் கையில் கொடுத்துவிட்டாள்.

வைகாசியில், ஊருக்கு நடுவிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பெண் குழந்தை பிறந்தது. ஆவணியில் கோகிலாவின் விடுப்பு முடிந்தது. தனசேகர் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தான்.

பாலத்தில் அன்று கூடிய கூட்டம் மாரியம்மன் பண்டிகைக்குக் கூடுவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பரோட்டாக் கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார். தாயும் கூடத்தானே போகிறாள், குழந்தை எதற்குத் திரும்பப் போகிறது என்று பாதிப் பேர் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் தெரிகிறது என்று மீதிப் பேர் சொன்னார்கள். துளசிமணி காரில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளை பெற்றவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவது தாய்வீட்டார் கடமை என்பதால். கோகிலா குழந்தையைத் துண்டில் சுற்றி, துண்டைத் தன் முந்தானையால் சுற்றி, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் பாலம் போனது, இரண்டாவது பாலம் போனது, பஞ்சர் கடையின் பழைய டயர்கள் கண்ணாடியில் தெரிந்தன, கோகிலாவின் கைகள் ஒன்றையொன்று தொட்டன. துண்டு சூடாக இருந்தது. உள்ளே குழந்தை இல்லை.

காரைத் திருப்பி ஊருக்கு ஓட்டினார்கள். வழியெல்லாம் கோகிலா அழவில்லை, "தொட்டில்ல இருக்கும், தொட்டில்லதான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குச் சற்று முன்னால், காட்டோரத்தில், துளசிமணி காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். ஏன் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கால் இறங்கியது. மற்றவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். கத்தரிக்காட்டில் மூன்றாவது சாலில், ஒரு செடி நிழலில், குழந்தை மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தாழத் தொங்கிய ஒரு பிஞ்சை அதன் உள்ளங்கை பிடித்திருந்தது.

துளசிமணி உட்கார்ந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுப் பக்கமிருந்து கோகிலா ஓலமிடுவதும், தனசேகர் கத்துவதும், தொட்டில் கம்பு கீழே விழும் சத்தமும் கேட்டன. "இங்க இருக்கா" என்று அவள் குரல் கொடுத்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தை கத்தரிக்காட்டில் கிடைத்தது என்று கேள்விப்பட்டதும் சம்பூரணம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம்புள்ள துளசி, நான் ஒண்ணு சொன்னா வையாத."

"சொல்லுங்கக்கா."

"நீ குடுத்த கத்திரிக்காய நான் என்ன பண்ணுவேன்? கொழம்பு வெச்சேன். கொழம்பு வாசம் வயித்துப் புள்ளக்காரி மூக்குக்குப் போச்சுன்னா ஒரு கிண்ணம் குடுக்காம இருக்கலாமா? குடுக்காட்டி அடுத்த சென்மத்துல ஊமையாப் பொறப்போம்னு எங்காத்தா சொல்லும். நீ காட்டுக்குப் போனதீம் அது வேலியோரம் வந்து நிக்கும். நாங் குடுப்பேன்."

"எத்தன நாளு?"

"எத்தன நாளுன்னா... நீ எத்தன நாளு குடுத்தயோ, அத்தன நாளு. பொறந்தப்புறமும், பால் சொரக்கட்டும்னு பிஞ்சா பாத்து வதக்கிக் குடுத்தேன்."

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு மாதமாகத் துளசிமணி வேலிக்கு மேலாகக் கொடுத்த கத்தரிக்காய், குழம்பாகி, அதே வேலிக்கு மேலாகத் திரும்பி வந்து, அவள் வீட்டிலேயே தின்னப்பட்டிருந்தது. துளசிமணி சம்பூரணத்தை வையவில்லை. தனக்கும் அந்தக் கிண்ணம் வந்து சேரும் என்று ஒரு காலத்தில் ஆறு வருடம் காத்திருந்தவள் அவள்.

தனசேகர் படித்தவன், சும்மா விடவில்லை. மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தான், நடந்து போய்ப் பார்த்தான், பாலத்தை விட்டு ஓடைக்குள் இறங்கி முள்ளுக்குள் புகுந்து போய்ப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் குழந்தை மூன்றாவது சாலில் கிடந்தது, ஒவ்வொரு தடவையும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் ஊருக்கு அது பழகிவிட்டது. வெய்யில் படும் என்று யாரோ அந்தச் செடிக்கு மேலே ஒரு பழைய குடையைக் கட்டிவைத்தார்கள், எறும்பு ஏறாமலிருக்க யாரோ சாம்பல் தூவினார்கள், வெள்ளியங்கிரி அந்தச் சாலுக்கு 'ஸ்டாண்டு' என்று பெயர் வைத்தார். வேளாண்மை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, இது தன் துறையில் வராது என்று சொல்லி, குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து இரண்டு பேருக்கும் போன் வந்தது. அன்று மத்தியானம் கோகிலா அக்காவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டு பேரும் வேலைய விட முடியாது. அவர் ஒரு ஆள் சம்பளத்துல அங்க குடித்தனம் பண்ண முடியாது. பாப்பாவ உங்கிட்டயே விட்டுட்டுப் போறேன். வாரா வாரம் வந்துட்டுப் போறேன். என்னிய நீ வளத்தலயா?"

ஆறு மாதமாகக் கேரட்டையும் முட்டைக்கோசையும் வைத்துத் துளசிமணி எதைத் தடுத்தாளோ, அது இப்போது தானாகவே வந்து, அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாங்கிக்கொள் என்றது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் திருடவில்லை, ஊரே சாட்சி. கோகிலா பேசிக்கொண்டே இருந்தாள்: பால் பவுடர் எவ்வளவு, தடுப்பூசி எப்போது, காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது. பேசப் பேச, உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்க, கோகிலாவின் ரவிக்கையில் இரண்டு பக்கமும் பால் நனைந்து பரவியது. அவள் அதைக் கவனிக்காமல் தடுப்பூசித் தேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துளசிமணி எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, உங்க கன்னுக்குட்டி மொத தடவ திரும்பி வந்து எங்க நின்னுச்சு?"

"சோளக்காட்டுலதான். அதோட ஆத்தாளுக்கு அந்தச் சோளத்தட்டுத்தான போட்டேன்."

"ரெண்டாவது தடவ ஓட்டிட்டுப் போனப்போ சோளம் நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? அறுத்துப் போட்டு, கட்டையையும் ஓட்டி உட்டாச்சே." சொல்லிவிட்டுச் சம்பூரணம் அவள் முகத்தைப் பார்த்தாள். "அடி ஆத்தா. முழுசுமா?"

"ஒண்ணு நின்னாலும் அதுக்குத்தான் வரும்."

"ஊருக்கு வேற கத்திரி இல்லையேடி."

"இல்லதான்."

அன்று பொழுதோடு துளசிமணி கத்தரிக்குத் தண்ணீர் கட்டினாள், சால் ததும்பத் ததும்ப, வேர் இளகுமளவுக்கு. வீட்டுக்கு வந்து, "நாளைக்கு வெள்ளிக்கிழம, கடைசியா ஒருக்காப் போய்ப் பாருங்க" என்றாள். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னயே ஊட்ட விட்டுக் கிளம்பிருங்க. மாரியம்மன் கோயில்ல உக்காந்திருந்து, பன்னண்டு அடிச்சு ராகு காலம் முடிஞ்சப்புறம் பாலத்தத் தாண்டுங்க."

"இத்தன நாளு ராகு காலம் பாக்காமத்தான் திரும்பி வந்துச்சுங்களாக்கா?" என்றான் தனசேகர்.

"பாத்துட்டுப் போனாத்தான் என்ன மாப்ள?"

மறுநாள் காரில் ஏறும்போது கோகிலா பக்கத்து இடத்தைத் தட்டினாள். துளசிமணி ஏறவில்லை. காட்டில் வேலை இருக்கிறது என்றாள்.

"என்னக்கா வேல? எம் புள்ளைய வழியனுப்பறத விட உனக்கு அந்தக் காடு பெருசா?"

"ஆமா. நேரமாகுது, போ."

கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் கோயில் முக்கில் திரும்பியதும் துளசிமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். வரப்பில் சம்பூரணம் ஏற்கெனவே நின்றிருந்தாள். இரண்டு பேரும் முதல் சாலில் ஆரம்பித்து, செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி, இழுத்தார்கள். ஈர மண் விட்டுக்கொடுத்தது, வேர்கள் நூல் அறுகிற சத்தத்தோடு வந்தன, காயும் பூவும் பிஞ்சுமாகச் செடிகள் வரப்பில் குவிந்தன. தண்டின் முள் உள்ளங்கையில் ஏறியது, ஏறியதை எடுக்க நேரமில்லை. மூன்றாவது சாலில் குடையை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் செடியையும் மற்றதைப் போலவே பிடுங்கினாள்.

ஏழாவது சாலில் விதைக்கு விட்டிருந்த காய்கள் மஞ்சள் பழுத்துத் தொங்கின, தண்டில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"வெதைக்காச்சும் ரெண்டு எடுத்து வெய்யி துளசி."

"வெதைக்குள்ளயும் செடிதான இருக்குது? வேண்டாங்க்கா."

பழுத்த காய்களைச் சம்பூரணம் தன் எருமையின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டாள். எருமை ஒன்றும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிடம் ஆனபோது ஒரே ஒரு செடி பாக்கி இருந்தது, வாய்க்கால் ஓரத்து மூலையில், இடுப்பு உயரத்துக்கு, நாலு காயும் ஒரு ஊதாப் பூவுமாக. சம்பூரணம் கைமுள்ளைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டே வாய்க்காலில் முகம் கழுவப் போனாள். துளசிமணி குனிந்து தண்டைப் பிடித்தபோது இடுப்பில் போன் அடித்தது.

"அக்கா, பாலத்துக்கிட்ட நிக்கறோம். ராகு காலம் முடிஞ்சுது. போலாமா?"

அவள் தண்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. 'போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த நிமிடம் இந்தச் செடிக்குக் கீழே, இந்த ஈர மண்ணில், துண்டு இல்லாமல், சூடாக, அது வந்து கிடக்கும். சம்பூரணம் திரும்பிப் பார்ப்பதற்குள் கிடக்கும். ஒரு செடி தவறிவிட்டது என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இருநூற்று ஐம்பதைப் பிடுங்கியவளை யார் கேட்கப் போகிறார்கள்?

"அக்கா? இருக்கறயா?"

"சித்தெ இரு."

போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டாமல் ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தச் செடி மட்டும் லேசில் வரவில்லை. வந்தபோது அவள் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ம். இப்பப் போ."

போனில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பாலத்தின் தகர இணைப்பில் டயர் ஏறி இறங்கியது ஒருமுறை கேட்டது, மறுமுறை கேட்டது. பிறகு பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம், பிறகு தனசேகர் என்னவோ கத்துவது, பிறகு கோகிலா.

"அக்கா! தாண்டிட்டோம்க்கா! மடியிலயே இருக்கறா! முழிச்சுட்டிருக்கறாக்கா, என்னையவே பாத்துட்டிருக்கறா!"

"செரி. செரி சாமி. காருல கண்ணாடிய ஏத்திக்க, காத்தடிக்கும்."

கோகிலா சிரித்தாள், அழுதாள், மூக்கை உறிஞ்சினாள். "கோவிச்சுக்காதக்கா, நான் காலைல அப்படிப் பேசிட்டேன். நீ வராததும் நல்லதாத்தான் போச்சு. உங்கண்ணு பட்டுத்தான் நாலு தடவயும் திரும்புச்சோ என்னமோன்னு இவரு சொல்றாரு. வெளையாட்டுக்குத்தான்."

துளசிமணி மடியில் கிடந்த செடியின் வேரிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்" என்றாள். "பாத்துப் போங்க."

திங்கட்கிழமை கோயில் முன்னால் கூடைகள் வந்தன. துளசிமணியின் கூடையில் ராகி இருந்தது. கத்தரிக்காய் எங்கே என்று கேட்டவர்களிடம் பூச்சி விழுந்துவிட்டது என்றாள். அவள் காடு ரோட்டோரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ரோட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது, வரப்பில் வாடிக் கிடந்த செடிகளின் இலையில் ஒரு ஓட்டை கிடையாது. ஊர் அவளுடைய கைகளைப் பார்த்தது, முள் எடுத்த இடங்களில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. கூடை நிறைய ராகியை வாங்கிக்கொண்டு போனது.

அந்த வாரமே வேளாண்மை அலுவலர் நோட்டோடு வந்தார். வந்து ஒரு வருடத்தில் அவருடைய மூன்று பத்திகளில் ஒன்றில் எழுதக்கூடிய ஒரு விஷயம் இப்போதுதான் கிடைத்திருந்தது. என்ன பூச்சி, எப்போது விழுந்தது, யார் பார்த்தது என்று கேட்டார்.

"நான் பாத்தனுங்க" என்றாள் சம்பூரணம். "வெள்ளப் பூச்சி. நெம்ப."

"நானும் பாத்தேன்" என்றார் வெள்ளியங்கிரி. "கருப்புங்க அது. கெழக்க இருந்து வந்துச்சு."

பீர்க்கன் வீட்டார் பார்த்திருந்தார்கள், பாகல் வீட்டார் பார்த்திருந்தார்கள், புடலை வீட்டார் அது தங்கள் வீட்டுக் கூரை மேலாகத்தான் பறந்து போனது என்றார்கள். அலுவலர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், வரப்பில் காய்ந்து கிடந்த செடிகளைப் பார்த்தார், பேனாவைத் திறந்து, பூச்சித் தாக்குதல், முழு இழப்பு என்று எழுதி, சாட்சிகள் என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார். நூற்று முப்பது வீட்டிலும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.